கல்காஸ்கா பள்ளி மாவட்டம்: 1993 கதவடைப்பும் மிச்சிகன் கல்வி நிதிச் சீர்திருத்தமும்

கல்காஸ்கா, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கீழ்த் தீபகற்பத்தின் வடபகுதியில் உள்ள ஒரு சிறிய ஊர். அதே பெயரைக் கொண்ட கவுண்டியின் தலைமையிடமும் இதுவே. 1993 மார்ச் 24 அன்று இவ்வூரின் அரசுப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. கல்வியாண்டு முடிய இன்னும் பத்து வாரங்கள் இருந்தன. நோயோ பனிப்புயலோ வேலைநிறுத்தமோ காரணம் அல்ல. கையில் பணம் இல்லை. கூடுதல் சொத்துவரி கேட்டுப் பள்ளி வாரியம் மூன்று முறை வாக்காளர்களிடம் சென்றது. மூன்று முறையும் ‘வேண்டாம்’ என்றே விடை வந்தது. சுமார் 2,300 மாணவர்கள் மார்ச் மாதத்திலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

அமெரிக்கா முழுவதும் செய்தியான இந்தக் கதவடைப்புக்குப் பின் ஓராண்டுக்குள், மிச்சிகன் தன் பள்ளிகளுக்குப் பணம் திரட்டும் முறையையே அடியோடு மாற்றிக்கொண்டது. ‘முன்மொழிவு ஏ’ என்று அறியப்படும் அந்த மாற்றம், அமெரிக்கக் கல்வி நிதி வரலாற்றில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. கல்காஸ்கா மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு வழக்குக்கு முகமும் பெயரும் கொடுத்தது அந்த ஊர்தான்.

பள்ளி மாவட்டம் என்பது

மாவட்டம் என்றதும் நமக்கு ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பள்ளி மாவட்டம் வேறு வகை. அது பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த தனி உள்ளாட்சி அமைப்பு. சில ஊர்களைச் சேர்த்தோ, ஒரே ஊரைக் கொண்டோ, சில சமயம் ஓர் ஊரையே இரண்டாகப் பிரித்தோ அதன் எல்லை வகுக்கப்பட்டிருக்கும். மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம் ஒன்று அதை நிர்வகிக்கும். வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கும். ஆசிரியர் சம்பளம், பள்ளிப் பேருந்து, கட்டடம் என எல்லாம் அந்த மாவட்டத்தின் வரவு செலவுக் கணக்கில் அடங்கும்.

1994 வரை மிச்சிகனில் இந்த வரவின் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வந்தது. வரி ‘மில்’ என்ற அளவால் கணக்கிடப்படும். ஆயிரம் டாலர் வரிமதிப்புக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில். அம்மாநிலத்தில் சந்தை விலையில் பாதியே வரிமதிப்பு. 60,000 டாலர் பெறுமானமுள்ள வீட்டின் வரிமதிப்பு 30,000 டாலர். அதற்கு 34 மில் வரி என்றால் ஆண்டுக்கு 1,020 டாலர். 1990களின் தொடக்கத்தில் பள்ளிகளுக்காக மட்டும் மாநிலத்தில் வசூலான சராசரி வரி ஏறக்குறைய இந்த அளவுதான்.

இதில் வாக்காளர் எங்கே வருகிறார்? 1930களின் பெருமந்தத்தில் வரி கட்ட முடியாமல் வீடுகளையும் பண்ணைகளையும் இழந்துகொண்டிருந்த மக்கள், 1932இல் மாநில அரசமைப்பில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றினர். மக்களின் ஒப்புதல் இல்லாமல் சொத்துவரி 15 மில்லைத் தாண்டக்கூடாது என்பது அதன் சாரம். கவுண்டி, ஊர், பள்ளி மூன்றும் இந்தப் பதினைந்துக்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு மில்லுக்கும் தேர்தல் நடத்தித்தான் ஒப்புதல் பெற வேண்டும். 1963ஆம் ஆண்டின் புதிய அரசமைப்பும் இந்தக் கட்டுப்பாட்டைச் சிறு மாறுதல்களுடன் தக்கவைத்தது. ஒப்புதலும் நிரந்தரமன்று, சில ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். காலம் முடிந்ததும் வாரியம் மறுபடி மக்களிடம் வர வேண்டும்.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். கூட்டாட்சி அரசு வருமானவரி வசூலிக்கிறது, மாநிலம் விற்பனைவரி வசூலிக்கிறது. எதற்கும் குடிமகனை நேரில் கேட்பதில்லை. பள்ளி வாரியம் மட்டும் ஆண்டுதோறும் வாசலில் வந்து நின்று ‘தருவீர்களா, மாட்டீர்களா’ என்று கேட்டது. எல்லா வரிகள் மீதும் உள்ள எரிச்சலைக் காட்ட மக்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். பள்ளிக்கு எதிராக விழுந்த வாக்குகளில் எத்தனை உண்மையில் வாஷிங்டனுக்கு எதிரானவை என்பதை யாரும் பிரித்து எண்ணியதில்லை.

ஏற்றத்தாழ்வும் அதைத் தீர்க்க நடந்த முயற்சிகளும்

சொத்துவரியை நம்பிய முறையில் இன்னொரு குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பெரிய தொழிற்சாலையோ விலையுயர்ந்த வீடுகளோ உள்ள மாவட்டம், குறைந்த வரியில் நிறையப் பணம் திரட்டும். ஏழை மாவட்டம் அதிக வரி போட்டாலும் சொற்பமே தேறும். இதை நாடறியச் செய்தது டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ வழக்கு. அந்நகரின் ஏழை மாவட்டமான எட்ஜ்வுட், 1967-68இல் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டு ஒரு மாணவருக்கு 26 டாலர் திரட்டியது. அதே நகரின் செல்வந்த மாவட்டமான ஆலமோ ஹைட்ஸ் வெறும் 85 சென்ட் வரியில் 333 டாலர் திரட்டியது. எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1973 மார்ச்சில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி என்பது கூட்டாட்சி அரசமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அத்துடன் பிரச்சினை அந்தந்த மாநிலத்தின் தலையில் விழுந்தது.

மிச்சிகனில் அதற்கு முன்பே ஒரு வினோதம் நடந்திருந்தது. மாநில ஆளுநர் வில்லியம் மில்லிகன், தம் மாநிலத்தின் கல்வி நிதி முறை அரசமைப்புக்கு முரணானது என்று 1971இல் தாமே வழக்குத் தொடுத்தார். எதிர்மனுதாரர்களில் முதல்வர் மாநிலத்தின் கருவூலத் தலைவர். அரசே அரசின் மேல் போட்ட வழக்கு. 1972 இறுதியில் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் ஆளுநருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு நீதிபதிகள் மாறினர். 1973இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கிக்கொண்டது.

அதே ஆண்டில் சட்டமன்றம் பர்ஸ்லி சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு மில் வரிக்கு ஒரு மாணவருக்கு இவ்வளவு கிடைத்தாக வேண்டும் என்று மாநிலம் ஓர் அளவை உறுதி செய்யும். உள்ளூரில் குறைவாகத் தேறினால் மீதியை மாநிலம் போடும். ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் 1980களின் தொடக்கத்தில் மோட்டார் வாகனத் தொழில் படுத்தபோது மாநிலக் கருவூலமும் படுத்தது. மாநிலத்தின் பங்கு தேய்ந்தது. செல்வந்த மாவட்டங்களுக்கோ இந்த உறுதியளிப்பே தேவைப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் டெட்ராய்ட்டின் புறநகரான புளூம்பீல்டு ஹில்ஸ் ஒரு மாணவருக்கு 10,000 டாலருக்கு மேல் செலவிட்டது. வடக்கின் ஏழை மாவட்டங்கள் சிலவற்றில் அது 3,500 டாலரைக்கூட எட்டவில்லை.

சொத்துவரியைக் குறைத்து வேறு வரியால் ஈடு செய்யும் திட்டங்கள் 1972 முதல் பத்துக்கும் மேற்பட்ட முறை மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. அத்தனையும் தோற்றன. 1978இல் ஹெட்லி திருத்தம் மட்டும் வென்றது. அதுவும் வரியைக் கட்டுப்படுத்தும் திருத்தம்தான். சொத்து மதிப்பு விலைவாசியைவிட வேகமாக ஏறினால் மில் அளவு தானாக இறங்க வேண்டும் என்றது அது. பள்ளிகளுக்கு இதனால் கிடைத்தது இன்னும் சில தேர்தல்கள்.

கல்காஸ்காவில் நடந்தது

கல்காஸ்கா மரவெட்டுத் தொழிலால் வளர்ந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வந்ததும் சுற்றிலும் இருந்த பைன் காடுகள் மறைந்தன. மரம் போன பிறகு எஞ்சியது மணல். கல்காஸ்கா மணல் என்றே அதற்குப் பெயர். 1990இல் மிச்சிகனின் மாநில மண்ணாகவும் அது அறிவிக்கப்பட்டது. பெருமை மண்ணுக்குத்தான், உழவருக்கு அன்று. நீர் நிற்காத அந்த மண்ணில் பயிர் செழிப்பதில்லை. 1970களில் இப்பகுதியில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்துச் சிறிது காலம் பணம் புழங்கியது. மற்றபடி டிரவுட் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் வருகிறவர்கள், ஏரிக்கரை வீடுகள், ஓய்வூதியத்தில் வாழ வந்த முதியவர்கள். ஏப்ரல் இறுதியில் நடக்கும் டிரவுட் திருவிழாதான் ஊரின் பெரிய விசேஷம்.

இத்தகைய ஊரில் வரித் தேர்தல் நடத்துவது எளிதன்று. ஓய்வூதியம் ஆண்டுதோறும் அதே தொகை; வீட்டு மதிப்பும் அதோடு வரியும் ஏறிக்கொண்டே போகின்றன. பிள்ளைகள் படித்து முடித்து வேறு நகரம் போய்விட்டார்கள். வேலையில் இருப்பவர்களின் வருமானமும் தெற்கத்தி நகரங்களோடு ஒப்பிட்டால் குறைவு. ‘வேண்டாம்’ என்று வாக்களித்தவர்களைக் கல்வியின் விரோதிகள் என்று அன்றைய செய்திகள் சில சித்தரித்தன. அது நியாயமான சித்திரம் என்று தோன்றவில்லை. வீட்டின் மதிப்பு ஏறுவதால் வீட்டுக்காரர் கையில் பணம் சேர்வதில்லை. விற்றால்தான் அது பணம். விற்க மனமில்லாதவருக்கு அந்த ஏற்றம் வரிச்சீட்டாக மட்டுமே வந்து சேர்கிறது.

மறுபுறம் பள்ளி வாரியத்தின் நிலையும் இறுக்கமானது. அந்த ஆண்டின் பட்ஜெட்டில் சுமார் 15 லட்சம் டாலர் துண்டு விழுந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் வழக்கமாகச் செய்வது படிப்படியான வெட்டு. முதலில் இசை ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் போவார்கள். பிறகு நூலகர். பிறகு விளையாட்டுக் குழுக்கள், அல்லது விளையாட விரும்பும் மாணவரிடம் கட்டணம். பேருந்து நிறுத்தங்கள் குறையும். வகுப்பில் இருபத்தைந்து பேர் இருந்த இடத்தில் முப்பத்தைந்து பேர் இருப்பார்கள். பள்ளி திறந்தே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. அடுத்த வரித் தேர்தலில் ‘போன தடவை இல்லை என்றோம், பள்ளி நன்றாகத்தானே நடந்தது’ என்பார்கள்.

கல்காஸ்கா வாரியம் அந்த வழியில் போகவில்லை. முழுப் பாடத்திட்டத்தையும் முழு வசதிகளையும் கொடுப்போம், பணம் இருக்கும் வரை; தீர்ந்ததும் மூடுவோம் என்று முடிவு செய்தது. குறைந்த கல்வியை ஜூன் வரை தருவதைவிட நிறைந்த கல்வியை மார்ச் வரை தருவது மேல் என்பது வாரியத்தின் வாதம். குழந்தைகளைப் பணயம் வைத்து வாக்காளரை மிரட்டுகிறார்கள் என்பது எதிர்த்தரப்பு வாதம். ஆசிரியர் சங்கத்தின் கை இதில் இருக்கிறது என்றும், சிக்கனத்துக்கு வழியிருந்தும் வேண்டுமென்றே செய்யப்பட்ட நாடகம் என்றும் விமரிசனம் எழுந்தது. இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. நாடகம் என்று சொல்வதானால், அதற்கு விலை கொடுத்தவர்கள் மேடையில் இல்லாத மாணவர்கள். ஆனால் மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டே போயிருந்தால் அந்த ஊரின் பெயரை மாநிலத் தலைநகரில் யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

அமெரிக்காவுக்குக் கதவடைப்பு புதிதன்று. ஒகையோவின் யங்ஸ்டவுன் நகரப் பள்ளிகள் வரித் தேர்தல்கள் தோற்றதால் 1968 இறுதியில் மூடப்பட்டன. டொலீடோ நகரில் 1976இல் அதுவே நடந்தது. அவை தற்காலிகமானவை, நிதியாண்டு மாறியதும் திறந்தன. கல்காஸ்காவில் ஆண்டின் எஞ்சிய பகுதி முழுவதையும் கைவிட்டதுதான் வேறுபாடு. தொலைக்காட்சிக் குழுக்கள் அந்தச் சிற்றூருக்கு வந்து இறங்கின. மூடிய பள்ளியின் கதவு, நின்றுவிட்ட மஞ்சள் பேருந்துகள். உலகின் மிகப் பணக்கார நாட்டில் இப்படியா என்ற கேள்விக்கு அந்தப் படங்களே போதுமாக இருந்தன.

ஒரே நாளில் ஒழிந்த வரி

1993 ஜூன் 2 அன்று மிச்சிகன் மக்கள் இன்னொரு கல்வி நிதித் திட்டத்தின் மேல் வாக்களித்தனர். கதவடைப்பு நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. திட்டம் தோற்றது. வழக்கமான கதையாக இது முடிந்திருக்க வேண்டும்.

அப்போதைய ஆளுநர் ஜான் எங்லர் குடியரசுக் கட்சிக்காரர்; சொத்துவரியைக் குறைப்பேன் என்று சொல்லி வென்றவர். ஜூலையில் பள்ளிச் சொத்துவரியைக் குறைக்கும் மசோதா மாநில மேலவையில் விவாதத்துக்கு வந்தது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் டெபி ஸ்டாபெனோ எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். குறைப்பது எதற்கு, பள்ளிகளை நடத்துவதற்கான சொத்துவரியை முழுவதுமாக ஒழித்துவிடலாமே என்பதுதான் திருத்தம். அது சவாலா, சாதுரியமா, முழு நம்பிக்கையுடன் வைத்த யோசனையா என்று இன்றும் பேசப்படுகிறது. சவாலாக இருந்தால் அது எடுபடவில்லை. ஆளுங்கட்சி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஜூலை 20இல் மேலவை, மறுநாள் கீழவை. மாற்று வரி என்ன என்பதற்கு ஒரு வரிகூட எழுதாமல், பள்ளிகளின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 600 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை, சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆகஸ்டில் எங்லர் கையெழுத்திட்டார்.

நிதி நிர்வாகப் பாடப்புத்தகம் எதிலும் இப்படிச் செய்யச் சொல்லியிருக்காது. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்கலாம். இருபதாண்டுகளாக ஒவ்வொரு திட்டமும் தோற்றதற்குக் காரணம், தோற்றால் பழைய முறை தொடரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததே. இப்போது திரும்பிப் போகப் பழைய முறையே இல்லை. 1994-95 கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் மாநிலத்தின் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் கல்காஸ்காவாகும்.

சட்டமன்றம் டிசம்பர் வரை மல்லாடியது. இரவு முழுவதும் நடந்த அமர்வுக்குப் பின் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், டிசம்பர் 24இல், இரண்டு திட்டங்களைக் கொண்ட தொகுப்பு நிறைவேறியது. முதலாவது ‘முன்மொழிவு ஏ’: விற்பனைவரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆக உயரும், சிகரெட் வரி ஒரு பாக்கெட்டுக்கு 25 சென்டிலிருந்து 75 சென்ட் ஆகும், வருமானவரி 4.6 சதவீதத்திலிருந்து 4.4 ஆகக் குறையும். இதை மக்கள் நிராகரித்தால் இரண்டாவது திட்டம் தானாக நடைமுறைக்கு வரும். அதில் வருமானவரி 6 சதவீதம். எனவே ‘வேண்டாம்’ என்பதும் ஒரு வரிக்கு ‘ஆம்’ சொல்வதுதான். 1994 மார்ச் 15இல் நடந்த வாக்கெடுப்பில் 69 சதவீதத்தினர் முன்மொழிவு ஏ-வை ஆதரித்தனர்.

புதிய கணக்கு

புதிய முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் ‘அடித்தள ஒதுக்கீடு’ என்ற தொகையை மாநிலம் நிர்ணயித்தது. முதல் ஆண்டில் குறைந்தபட்சம் 4,200 டாலர், அடிப்படை அளவு 5,000 டாலர். கீழே இருந்த மாவட்டங்களுக்கு ஆண்டுதோறும் கூடுதலாகக் கொடுத்து மேலே ஏற்றினார்கள். 2000 வாக்கில் எல்லா மாவட்டங்களும் அடிப்படை அளவை எட்டின. 6,500 டாலருக்கு மேல் செலவிட்டுவந்த செல்வந்த மாவட்டங்கள், தங்கள் மக்களின் ஒப்புதலுடன் அந்தக் கூடுதலைத் தாங்களே திரட்டிக்கொள்ள அனுமதிக்கப்பட்டன. மேலே இருந்தவர்களை இறக்காமல் கீழே இருந்தவர்களை ஏற்றுவது என்பது அரசியல் சமரசம். அது இல்லாமல் சட்டம் நிறைவேறியிருக்காது.

குடியிருக்கும் சொந்த வீட்டுக்குப் பள்ளிவரி, சராசரி 34 மில் இருந்தது, மாநிலத்துக்குச் செலுத்தும் 6 மில்லாகச் சுருங்கியது. கடை, தொழிற்சாலை, கோடை வீடு போன்றவற்றுக்கு உள்ளூரில் 18 மில் கூடுதல். சொத்தின் வரிமதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக்கூடாது. கல்காஸ்கா போன்ற ஊர்களின் முதியவர்களுக்கு இது மெய்யான நிவாரணம். ஆண்டுதோறும் நடந்த வரித் தேர்தல் சண்டை ஓய்ந்தது. வடபகுதியின் ஏழை மாவட்டங்கள் முதன்முறையாக அடுத்த ஆண்டு என்ன வரும் என்று தெரிந்து பட்ஜெட் போட்டன.

கொடுத்த விலையும் உண்டு. விற்பனைவரி பணக்காரரையும் ஏழையையும் ஒரே விகிதத்தில் தொடும் வரி. பொருளாதாரம் சரிந்தால் அதுவும் உடனே சரியும். கட்டடச் செலவு சீர்திருத்தத்துக்கு வெளியே விடப்பட்டது. பள்ளியின் கூரை ஒழுகினால் இன்றும் உள்ளூர்ச் சொத்துவரிதான், உள்ளூர்த் தேர்தல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாவட்டம் தன் பள்ளிகளை நடத்தக் கூடுதலாக வரி கட்டத் தயாராக இருந்தாலும் இனிமேல் அதற்கு வழியில்லை. 1993இல் கல்காஸ்கா மக்கள் ‘வேண்டாம்’ என்றார்கள். இன்று அவர்கள் ‘சரி’ என்று சொல்ல விரும்பினாலும் கேட்பதற்கு யாரும் இல்லை.

துண்டு விழும் புதிய விதம்

பணம் மாணவரைத் தொடர்ந்து போகும் என்பது முன்மொழிவு ஏ-வின் மையம். 1993 இறுதியில் தனிச் சாசனப் பள்ளிகளுக்குச் சட்டம் வந்தது. 1996இல் மாணவர் தம் மாவட்டத்தை விட்டு அண்டை மாவட்டத்தில் சேரவும் வழி திறந்தது. சேர்க்கை குறைந்தால் ஒதுக்கீடும் குறையும். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் தலை எண்ணுவார்கள். அன்று வகுப்பில் இருக்கும் எண்ணிக்கைதான் ஆண்டின் வரவைப் பெரும்பாலும் தீர்மானிக்கும்.

சிறிய மாவட்டத்துக்கு இது எப்படி வலிக்கும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பதின்மூன்று வகுப்புகள், வகுப்புக்கு நூறு பேர், மொத்தம் 1,300 மாணவர். ஓர் ஆண்டில் 26 பேர் வெளியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 7,000 டாலர் ஒதுக்கீடு என்றால் 1,82,000 டாலர் வரவு போயிற்று. ஆனால் செலவில் என்ன குறைந்தது? வகுப்புக்கு இரண்டு பேர்தான் குறைந்திருக்கிறார்கள். ஓர் ஆசிரியரையும் குறைக்க முடியாது, ஒரு பேருந்தையும் நிறுத்த முடியாது, கொதிகலனுக்கு எரிபொருளும் அவ்வளவேதான். ஆகவே எங்காவது வெட்ட வேண்டும். இசை வகுப்பை வெட்டினால் இசை விரும்பும் மாணவர் பக்கத்து மாவட்டம் போவார். அடுத்த ஆண்டு இன்னும் துண்டு விழும். வெட்டே அடுத்த வெட்டுக்குக் காரணமாகும் இந்தச் சுழலைப் பழைய சொத்துவரி முறை அறிந்திருக்கவில்லை.

2000க்குப் பின் மிச்சிகன் நீண்ட பொருளாதாரச் சரிவுக்குள் போனது. மோட்டார் ஆலைகள் மூடின, குடும்பங்கள் வெளியேறின, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது. 2011இல் ஆளுநர் ரிக் ஸ்னைடர் காலத்தில் அடித்தள ஒதுக்கீடு ஒரு மாணவருக்கு 470 டாலர் வெட்டப்பட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் மாநிலத்தின் மொத்தப் பள்ளி வருவாய் 2015இல் 1995ஆம் ஆண்டு அளவின் 82 சதவீதம்தான். அந்தக் காலத்துக்கு வருவாய் வளர்ச்சியில் ஐம்பது மாநிலங்களில் மிச்சிகன் கடைசி.

இதன் கடுமையைச் சுமந்தவை பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் சிறிய தொழில் நகரங்கள். மஸ்கீகன் ஹைட்ஸ் மாவட்டம் 2012இல் அவசர மேலாளரின் கைக்குப் போனது. அவர் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளையும் லாப நோக்குள்ள ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். நிறுவனம் இரண்டே ஆண்டில் விலகிக்கொண்டது. சாகினா கவுண்டியின் பியூனா விஸ்டா மாவட்டத்தில் எஞ்சியிருந்தது சுமார் 400 மாணவர். சிறார் காப்பகம் ஒன்றில் பாடம் நடத்த வந்துகொண்டிருந்த நிதியை, அந்தப் பணி நின்ற பிறகும் மாவட்டம் பெற்றுவந்தது. அதை ஈடுகட்ட மாநிலம் மாதத் தவணையை நிறுத்தியதும் கருவூலம் காலியானது. 2013 மே மாதத்தில் ஆசிரியர்கள் அனைவரும் வேலையிழந்தனர், பள்ளிகள் மூடின. கல்காஸ்காவுக்குச் சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, கல்காஸ்கா இனி நிகழாது என்று கொண்டுவரப்பட்ட சட்டத்தின் கீழ் அது நடந்தது. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குப் பின் பள்ளிகள் திறந்தன, ஆனால் அந்த ஆண்டை முடிப்பதற்காக மட்டுமே.

இம்முறை மாநிலம் எடுத்த வழி வேறு. மாவட்டத்துக்குப் பணம் தேடுவதற்குப் பதிலாக மாவட்டத்தையே கலைத்துவிடச் சட்டம் செய்தது. 2013 கோடையில் பியூனா விஸ்டாவும் டெட்ராய்ட் அருகிலுள்ள இன்க்ஸ்டரும் கலைக்கப்பட்டன. பியூனா விஸ்டா மாணவர்கள் மூன்று அண்டை மாவட்டங்களுக்கும், இன்க்ஸ்டர் மாணவர்கள் நான்கு மாவட்டங்களுக்கும் வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டனர். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்ப் பேருந்தில் ஏறும்படி ஆனது.

செல்வந்த விதிவிலக்குகள் நீங்கலாக எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே தொகை என்ற நிலை மிச்சிகனில் 2021-22இல் வந்தது: ஒரு மாணவருக்கு 8,700 டாலர். 1971இல் மில்லிகன் தொடுத்த வழக்கிலிருந்து எண்ணினால் சரியாக ஐம்பது ஆண்டுகள். பியூனா விஸ்டாவுக்கும் இன்க்ஸ்டருக்கும் அதில் பங்கில்லை. அவை அப்போது பள்ளி நடத்தும் மாவட்டங்களாக இல்லை. ஆனால் விட்டுச்சென்ற கடன் கலையவில்லை. அந்தப் பழைய எல்லைக்குள் சொத்து வைத்திருந்தவர்கள், பிள்ளைகளை வேறு மாவட்டத்துக்கு அனுப்பியபடியே, இல்லாமல் போன மாவட்டத்தின் கடனுக்குத் தொடர்ந்து வரி கட்டினார்கள்.